மணித்தியாலத்துக்கு ஏழு ரூபா

பதுளை பஸார் தெருவில் என் அண்ணன் அஸீஸ் நானா நடத்திய ஸ்டூடியோவில் சிவஞானம் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவர். எங்கள் கடையில் தரை கூட்டுவதில் தொடங்கி, இருட்டறை வேலை பழகி, கடைசியில் நானாவைவிட நன்றாகப் படம் எடுத்தார். இதை நானாவே ஒத்துக்கொள்வார், சிவஞானம் பக்கத்தில் இல்லாத நேரத்தில் மட்டும். நான் அப்போது கடை முன்பக்கத்தில் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். என்னைச் சிவஞானம் ஸமீம் தம்பி என்றே கூப்பிடுவார்.

அறுபத்தெட்டில் அவர் தனியாகத் தொழில் செய்யப் போனார். சண்டை எதுவும் இல்லை. தோட்டத்து ஆட்கள் ஒரு படம் எடுக்க டவுனுக்கு வந்தால் அன்றைக்கு ஒரு பேர் போய்விடும். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தை அப்படித்தான் சொல்வார்கள். கடை அவர்களைத் தேடிப் போனால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நானாவிடமிருந்தே ஒரு பழைய கேமராவைத் தவணைக்கு வாங்கிக்கொண்டு, ஞாயிறு தோறும் வெள்ளைத் துணியும் தோள்பையுமாக பஸ் ஏறினார். மற்ற நாட்களில் கல்யாணம், காதுகுத்து, இழவு என்று எது வந்தாலும் போவார். படம் கழுவ எங்கள் இருட்டறைக்குத்தான் வருவார்.

நல்ல நேரத்தில்தான் தொடங்கினார் என்று எல்லோரும் நினைத்தோம். இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி தோட்டத்துச் சனங்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தியாவுக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மனுவுக்குப் படம் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கும் படம் வேண்டும். ஒரு லயத்துக்குப் போனால் நாற்பது ஐம்பது தலை. ஆனால் சிவஞானத்துக்கு விலை சொல்ல வராது. மூன்று ரூபா என்பார், முகத்தைப் பார்த்து இரண்டு என்பார், கைக்குழந்தைக்குச் சும்மா எடுத்துக் கொடுப்பார். ஒரு வீட்டுக்குக் குறைத்தது சுவர் ஒட்டிய அடுத்த காம்பராவுக்குத் தெரியாமல் இருக்குமா? சில ஞாயிறுகளில் பஸ் காசோடு மட்டும் வீடு வந்து சேர்ந்திருக்கிறார்.

எழுபத்தொன்றில் அவருடைய மனைவி ஜெயலெட்சுமிக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். பிலிம் விலை ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அந்தம்மா எங்கள் கடைக்கே வந்து, நானா முன்னால் அவரிடம் சொன்னார்: "இனிமே ஒரே வெல. யாரு அழுதாலும் ஒரே வெல. இல்லாட்டி கேமராவத் திருப்பிக் குடுத்துட்டு இங்கேயே மாசச் சம்பளத்துக்கு நில்லுங்க."

சிவஞானம் தலையை ஆட்டினார். தலைக்கு மூன்றரை ரூபா, ஒரே படத்தில் மூன்று கொப்பி, யாருக்கும் குறைப்பில்லை. அந்த வாரம் அப்படித்தான் முடிவானது.

அதற்கடுத்த ஞாயிறு அவர் போனது கூம்புமலைத் தோட்டத்துக்கு. லுணுகலையிலிருந்து நாலு மைல் ஏற்றம். நல்லையா என்பவர் வீட்டு இஸ்தோப்பில், முன் திண்ணையில், துணியைக் கட்டி, முன்னால் ஒரு பெஞ்சு போட்டார். பிலிமை மிச்சம் பிடிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். நாலைந்து பேரைப் பெஞ்சில் வரிசையாக அமர்த்தி ஒரே படமாக எடுத்துவிடுவார். பிறகு இருட்டறையில் முகம் முகமாகப் பிரித்துப் பெரிதாக்கி அடிப்பார்.

நல்லையா வீட்டில் ஐந்து பேர். நல்லையா, மனைவி பாக்கியலெட்சுமி, இரண்டு பெண் பிள்ளைகள், பிறகு நல்லையாவின் அக்கா இராக்கம்மா. புருஷன் செத்த பிறகு தம்பியோடு வந்து இருந்தவர். அப்போது நாற்பது வயது இருக்கும். படத்துக்காக எண்ணெய் வைத்துத் தலை சீவி, திருவிழாச் சேலை கட்டி நின்றாராம்.

"தலைக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டார் நல்லையா.

"மூணரை ரூபா."

"போன மாசம் மேலு லயத்துல மூணுக்கு எடுத்தீங்களாமே?"

"பிலிம் வெல ஏறிப் போச்சுங்க. இப்ப எல்லாருக்கும் ஒண்ணுதான்."

நல்லையா மனைவியைப் பார்த்தார். ஐந்து பேருக்குப் பதினேழரை ரூபா. ஒரு வாரம் மலை ஏறினாலும் அந்தக் காசு முழுதாகக் கைக்கு வராது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். குறைத்துச் சொல்லச் சிவஞானத்துக்கு வாய் வரை வந்திருக்கிறது. அந்த வரிசையைப் பார்த்துத்தான் அடக்கிக்கொண்டார்.

இராக்கம்மாதான் பேச்சை முடித்து வைத்தார். "நீங்க நாலு பேரும் எடுத்துக்குங்க. எனக்கு அடுத்த மாசம் எடுத்துக்கலாம். நான் எங்க ஓடிப் போகப் போறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிவஞானமும் சிரித்தார். நாலு பேர் உட்கார்ந்தார்கள். பெஞ்சு ஓரத்தில் இருந்த சின்னவளின் சட்டைக் கழுத்தை இராக்கம்மா குனிந்து சரி செய்துவிட்டு விலகினார். படம் எடுத்தாகிவிட்டது.

அடுத்த மாதம் சிவஞானம் அங்கே போகவில்லை. வெளிநாட்டுச் சாமான்களுக்குத் தட்டுப்பாடு வந்து, பதுளையில் மட்டுமல்ல, கண்டியிலும் பிலிம் கிடைக்காமல் போனது. ஏழு மாதம் அவர் எந்தத் தோட்டத்துக்கும் போகவில்லை. பிறகு போன தோட்டங்களில் கூம்புமலை இல்லை. நல்லையா குடும்பத்தை அவர் மறந்தும் போனார். ஆயிரம் முகம் எடுத்தவருக்கு அதில் ஒரு வீடு எப்படி ஞாபகம் இருக்கும்?

எழுபத்து நாலாம் வருடம், தோட்டங்களில் சனங்கள் மரவள்ளிக் கிழங்குக்கும் வரிசையில் நின்ற காலம். பதுளை ஸ்டேஷனில் ஒவ்வொரு வாரமும் ரயில் கோச்சி நிறைய இந்தியாவுக்குப் போகிறவர்கள் ஏறினார்கள். தலைமன்னார் போய் அங்கிருந்து கப்பல். பிரியும்முன் ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள் என்று சிவஞானமும் கேமராவோடு போய் நிற்பார். அந்த வேலை தனக்குப் பிடிக்கவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனாலும் போவார்.

அப்படி ஒரு பிற்பகலில், ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு சிறுமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார். உள்ளே நல்லையா மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கேயோ பார்த்த முகங்கள் என்று தோன்றி, கிட்டே போனார்.

"நீங்க ஏறலியாக்கா? மணி அடிக்கப் போகுது."

"என் பேப்பரு வரலியே தம்பி."

"வீட்டாளுக எல்லாருக்கும் ஒண்ணாத்தானே வரும்?"

"நாலு பேருக்குத்தான் ஒண்ணாப் போட்டது. எனக்குப் படம் இல்லாம நின்னு போச்சுல்ல. ஒரு வருசம் கழிச்சுத் தனியா அனுப்பினோம். அது எங்க கெடக்கோ." சிவஞானத்தை யாரென்று தெரிந்துதான் இராக்கம்மா சொன்னார். குரலில் குற்றம் சொல்கிற மாதிரி எதுவும் இல்லை. கண் சிறுமியை விட்டு அகலவில்லை.

கோச்சி நகர்ந்தபோது சின்னவள் "அத்தை, நீயும் ஏறு" என்று கத்தினாள். இராக்கம்மா பிளாட்பாரம் முடிகிற வரை ஜன்னலோடு ஓடினார். அதன் பிறகு கீழே உட்கார்ந்துவிட்டார். கூம்புமலைக்காரர்கள் இரண்டு பேர் வந்துதான் தூக்கினார்கள். சிவஞானம் தூணுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். கிட்டே போக முடியவில்லை என்றார்.

அன்று ஸ்டேஷனிலிருந்து நேராக எங்கள் கடைக்கு வந்தார். தன் பெட்டியைத் திறந்து பழைய சுருள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். ஒரு மணித்தியாலம் தேடியிருப்பார். கிடைத்ததும் என்னிடம் நீட்டினார். பெஞ்சில் நாலு பேர். படத்தின் ஓரத்தில், விலகிப் போகிற ஒரு பெண்ணின் தோளும் ஒரு கையும்.

"முகம் விழலை தம்பி. இன்னும் ஒரு சாண் இந்தப் பக்கம் கேமராவத் திருப்பியிருந்தா போதும். பிலிமும் கூடுதலாச் செலவாகியிருக்காது."

நானா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒங்கட பிழ இல்ல சிவஞானம். காசு பத்தாம அவங்கதான் எடுக்கல்ல. நாம வெலயச் சொல்லத்தானே வேணும்?" என்றார்.

"பெஞ்சுல எடம் இருந்துச்சு மொதலாளி."

இரண்டு வாரம் சிவஞானம் வேலைக்கே போகவில்லை. பிறகு ஒரு காலையில் வந்து, இனிமேல் தலைக் கணக்கு இல்லை, நேரக் கணக்குத்தான் என்றார். மணித்தியாலத்துக்கு இவ்வளவு. அதற்குள் லயத்தில் எத்தனை பேர் வந்து உட்கார்ந்தாலும் சரி. கொப்பிக்குக் கடதாசிக் காசு மட்டும் தனி, தலைக்கு எழுபத்தைந்து சதம், அதையும் பிறகு கொடுக்கலாம்.

நானா சிரித்துவிட்டார். "மணித்தியாலத்துக்கா? நீங்க என்ன டாக்ஸியா?"

"தலைக்குன்னு வெல வச்சா ஒரு தலைய வெளிய நிறுத்தத்தான் அவங்களுக்குத் தோணும். நேரத்துக்குன்னு வச்சா, இன்னொரு ஆள உள்ள இழுத்து உக்கார வைக்கத் தோணும். அவ்வளவுதான் மொதலாளி."

எவ்வளவு என்று முடிவு செய்யத்தான் அவர் பட்ட பாடு. ஜெயலெட்சுமி பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது என்றார். லுணுகலைக்குப் பஸ்ஸில் இருக்கிற நேரம், மலை ஏறி இறங்குகிற நேரம், இருட்டறையில் நிற்கிற நேரம், படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க இன்னொரு முறை ஏறுகிற நேரம், எல்லாம் அந்தக் காசுக்குள்தான் அடங்க வேண்டும். சிவஞானம் கேமரா பிடிக்கிற நேரத்தை மட்டும் பார்த்தார்.

"ஒல கொதிக்கிற வரைக்கும் நான் அடுப்படியில நிக்கிறேனே, அது வேலை இல்லியா?" என்று ஜெயலெட்சுமி கேட்டதாக அவரே சொன்னார். சொல்லிவிட்டு, அவ சொல்றது சரிதான் என்றும் சொன்னார். ஆனாலும் ஏழு ரூபாவுக்கு மேல் போட அவருக்கு மனம் வரவில்லை.

தோட்டங்களில் முதலில் யாருக்கும் இது புரியவில்லை. புரிந்த பிறகு லயத்துத் தலைவர் வீடு வீடாகச் சில்லறை சேர்த்து வைப்பார். முடிந்தவர் போடுவார், முடியாதவரும் வந்து உட்காருவார். சிவஞானம் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெஞ்சின் மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுத் தொடங்குவார். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைக்கூட நாற்காலியோடு தூக்கி வந்து வைத்தார்கள்.

ஆனால் நேரத்துக்கு விலை வைத்ததும் வேறு தொல்லைகள் வந்தன. மணித்தியாலம் முடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சனங்கள் ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். பிள்ளைகள் அசைந்தன, பெரியவர்கள் கண்ணை மூடினார்கள். சரியில்லை என்று திரும்பி வந்த படங்களை அவர் காசு வாங்காமல் மறுபடி எடுத்துக் கொடுத்தார். ஊவா மலையில் மூடுபனி யாரிடமும் கேட்டு வருவதில்லை. ஒரு தரம் கடிகாரத்தை வைத்த பத்தாவது நிமிடத்தில் வெள்ளையாக இறங்கி முக்கால் மணித்தியாலம் நின்றது. வெள்ளைத் துணி எது, வெளி எது என்றே தெரியவில்லையாம். பனி நின்ற நேரத்துக்கும் சனங்கள் காசு கொடுக்க வந்தார்கள். அவர் வாங்கவில்லை. அவரும் காத்துக்கொண்டுதானே நின்றார் என்று நான் கேட்டேன். "நான் நின்னேன்தான். பனிக்கு அவங்க என்ன செய்வாங்க?" என்றார்.

மற்றப் படக்காரர்கள் அவருடன் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் பெரகலச் சந்தியில் வைத்துச் சட்டையைப் பிடித்தார். "நீ தர்மம் பண்ணு. எங்க பொழப்ப எதுக்குக் கெடுக்குற?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சிவஞானத்துக்கும் அது தெரியும்.

டவுனில் நிலைமை நேர் எதிர். பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்த இப்றாஹீம் ஹாஜியார் வீட்டுக் கல்யாணத்துக்கு மணித்தியாலம் பதினைந்து ரூபா என்று பேசிப் போனார். மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர ஐந்து மணித்தியாலம் பிந்திவிட்டது. முடிந்ததும் ஹாஜியார் படம் எடுத்த நாலு மணித்தியாலக் காசை மட்டும் நீட்டினார்.

"கேமராவக் கையில எடுக்காம வாசல்ல கதிரை போட்டுக் குந்தியிருந்த நேரத்துக்குமா காசு?"

"நான் என் சோலிக்கு உக்காரலீங்களே ஹாஜியார். உங்க கல்யாணத்துக்குத்தானே உக்காந்தேன்."

"டீ குடிச்சீங்க, பலகாரம் தின்னீங்க."

சிவஞானம் அந்த நாலு மணித்தியாலக் காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நாங்கள் கேட்டபோது, பனியில் நின்ற நேரத்தைத் தானே விட்டுக்கொடுத்தவன், இவரிடம் எந்த வாயால் வாதாடுவது என்றார். அதன் பிறகு பெரிய வீடுகள் அவரைக் கூப்பிடவில்லை. ஜெயலெட்சுமி தையல் மெஷின் வாடகைக்கு எடுத்துச் சட்டை தைக்கத் தொடங்கினார். அவர்கள் வீட்டில் சிரிப்புக் குறைந்தது.

இதற்கிடையே இராக்கம்மாவின் மனுவைத் தேடுவதை அவர் ஒரு கடமையாக வைத்திருந்தார். புதிதாகப் படம் எடுத்தார், என்னைக் கொண்டு இங்கிலிஷில் கடிதம் எழுதுவித்தார், கண்டியில் இந்திய அலுவலகத்துக்கு இரண்டு தரம் போனார். பதில் வரும். விசாரணையில் இருக்கிறது என்று வரும். ஒவ்வொரு பதிலையும் எடுத்துக்கொண்டு கூம்புமலைக்கு ஏறுவார். தம்பி குடும்பம் போன பிறகு இராக்கம்மாவை லயத்து ஓரத்துக் காம்பராவில் வேறு ஒரு குடும்பத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள்.

எழுபத்தெட்டில் ஒரு நாள் நானும் கூடப் போனேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, எங்களுக்குப் பால் விடாத சாயத் தண்ணி ஊற்றிக் கொடுத்தார் இராக்கம்மா. கடிதத்தைப் பார்க்கவில்லை.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க இப்படி மாசா மாசம் வந்து நிக்கிறீங்களே, உங்க மூஞ்சியப் பாக்குறப்பத்தான் எனக்கு அந்தக் கோச்சி ஞாபகம் வருது. மத்த நாளுல நான் மலைக்குப் போறேன், வர்றேன், தூங்குறேன்."

சிவஞானம் எதுவோ சொல்ல வாயெடுத்தார்.

"அடுத்த மாசம்னு சொன்னது நானு. அன்னிக்கு எந்தம்பி மூஞ்சி செத்துப் போச்சு, அதப் பாக்கப் பொறுக்காமச் சொன்னேன். அதையும் நீங்க உங்க பேருல எழுதிக்காதீங்க. பேப்பரு வந்தா வாங்க. வரலன்னா வர வேணாம்."

அதன் பிறகு சிவஞானம் அங்கே போவதை நிறுத்தினார். கடிதம் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் பதுளை எரிந்தது. சிவஞானம் குடியிருந்தது ஒரு தமிழ்க் கடையின் மேல்மாடியில். கடையோடு அதுவும் போனது. கேமரா, சுருள் பெட்டி, தையல் மெஷின் எல்லாம் போயின. அவரும் ஜெயலெட்சுமியும் இரண்டு பிள்ளைகளும் எங்கள் வீட்டுப் பின்னறையில் பன்னிரண்டு நாள் இருந்தார்கள். நானாவின் மனைவி, என் மைனி நளீரா, பிள்ளைகளைச் சத்தம் போடவிடாமல் கதை சொல்லிக்கொண்டே இருந்தார்.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கிய வாரத்தில் இராக்கம்மா எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். "போட்டோக்காரத் தம்பி இருக்காரா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறார் என்றதும் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். டவுனில் யார் யாரோ செத்துப் போனதாகக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். சிவஞானம் வெளியே வந்ததும் அவருடைய கையைப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். காயம் ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலம் அவித்த மரவள்ளியை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

அடுத்த வருடம் மாசியில் இராக்கம்மாவின் பாஸ்போர்ட் வந்தது. விண்ணப்பம் போட்டுப் பன்னிரண்டு வருடம். அதே மாதம் கோத்தகிரியிலிருந்து நல்லையாவின் கடிதமும் வந்தது. எங்கள் கடையில் வைத்து நான்தான் இராக்கம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அங்கே வேலை நிரந்தரம் இல்லை, தகரக் கொட்டகையில் இருக்கிறோம், பாக்கியலெட்சுமி போன மழைக்கு இறந்து போனாள், மூத்தவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, சின்னவள் என்னோடு இருக்கிறாள், நீ இங்கே வந்து கஷ்டப்பட வேண்டாம் அக்கா, அங்கேயே இரு என்று எழுதியிருந்தார்.

"வர வேணாம்னா எழுதியிருக்கான்?" என்று இரண்டு தரம் கேட்டார் இராக்கம்மா.

"இங்கயே இருங்களேன் அக்கா," என்றார் சிவஞானம். "அங்க போயி என்ன பண்ணப் போறீங்க? இத்தன வருசத்துக்கு அப்பறம்?"

"சின்னவ அம்மா இல்லாம இருக்கா தம்பி. அவன் வேணாம்னு எழுதினா அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா?"

ஜூன் மாதம் புறப்பட்டார். ஐம்பத்து மூன்று வயதில், ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாய்ச் சுருளுமாக. சிவஞானம் ஸ்டேஷனுக்குப் போய்ப் பெட்டியை ஏற்றி வைத்தார். நானும் போயிருந்தேன். படம் எடுக்கவில்லை. அவரிடம் கேமரா இல்லை, நான் கடைக் கேமராவைக் கொண்டு போனேன், சிவஞானம் வேண்டாம் என்று கையால் காட்டினார். இராக்கம்மா போய்ச் சில மாதத்தில் கப்பல் போக்குவரத்தே நின்று போனது.

சிவஞானம் மறுபடி எங்கள் ஸ்டூடியோவில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். கலர்ப் படம் வந்துவிட்டிருந்தது. வேலை நேர்த்தியாகச் செய்வார். ஆனால் வாசலில் யாராவது வந்து எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார், எங்களில் ஒருவரைக் கூப்பிடுவார்.

எண்பத்தைந்து கடைசியில் கோத்தகிரியிலிருந்து ஒரு தபால் வந்தது. சின்னவள் எழுதியிருந்தாள். அத்தை வந்த பிறகு வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிகிறது, அத்தை இங்கேயும் கொழுந்து எடுக்கப் போகிறது, இராத்திரியில் இருமல் இருக்கிறது, உங்கள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னது. அப்பாவுக்கும் அத்தைக்கும் அடிக்கடி சண்டை, ஏன் வந்தாய் என்று அப்பா கேட்பார், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுவார்கள்.

சிவஞானம் கேட்டுக்கொண்டே நின்றார். நான் மடித்துக் கொடுத்ததும் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசு தம்பி இப்ப?"

"பத்தொம்பது இருக்கும்."

"போறப்ப எட்டு வயசு," என்றார். உள்ளே ஒரு குடும்பம் விளக்கு வெளிச்சத்தில் வியர்த்துக்கொண்டு காத்திருந்தது. போய்த் திரையை விலக்கினார்.